செம்பருந்துக்குப் புதுக் குரல்

மார்ச் 4, புதன்

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். என் கணவர் நாயகத்தின் குரல் நாணில் இருந்த தடிப்பிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வழக்கமாகச் செய்வதுதான் என்றார் டாக்டர். அடுத்த வாரம் முடிவு தெரியும். அதுவரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம். பேசுவதைவிடக் கிசுகிசுப்பது தொண்டைக்குக் கெடுதல் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

வரும் வழியில் ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி சாக்பீஸும் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்து முதல் வேலையாக அதில் 'காப்பி' என்று எழுதி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். ஆறவைத்துக் கொடுத்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலக் காப்பியோடு எங்களுக்கு ஒரு சண்டை உண்டு. நான் இணைய இதழுக்குப் பட விமர்சனம் எழுதுகிறவள். அவர் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கிறவர். நான் பார்த்த படத்தை நான் திட்டுவேன், அவர் பேசிய படத்தை அவர் திட்டுவார். இன்று வீடு அமைதியாக இருக்கிறது. பேச ஆளில்லாததால் இதை எழுதுகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்று 'செம்பருந்து: முதல் சிறகு' வெளியானது. நாளைக் காலைக்குள் விமர்சனம் வேண்டும் என்று எடிட்டர் சொல்லியிருந்தார். நான் கிளம்பும்போது நாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்க எதுக்கு? படுத்து ரெஸ்ட் எடுங்க."

சிலேட்டு: 'என் படம்.'

அவர் படம் என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய செம்பருந்துப் படங்கள் மூன்றுக்கும் தமிழில் பேசியது அவர்தான். சிறகு வைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு துறைமுக நகரத்தைக் காப்பாற்றும் அந்தப் பெரிய உடம்புக்காரருக்கு நாயகத்தின் குரல் அப்படிப் பொருந்திப்போனது. "நான் விழமாட்டேன். இறங்குவேன்" என்று அவர் பேசிய வரியைக் கல்யாண வீடுகளில்கூடப் பேசிக் காட்டச் சொல்வார்கள். இப்போது கதையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். செம்பருந்தாகக் கல்லூரிப் பையன் போல ஒருவர். அதனால் தமிழுக்கும் இளம் குரல் வேண்டும் என்று படத்தை வெளியிடும் மும்பை ஆபீஸில் முடிவெடுத்துவிட்டார்கள். தொண்டைத் தொந்தரவு தொடங்குவதற்கு முன்பே எடுத்த முடிவு அது. அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்.

படம் மோசமில்லை. கலங்கரை விளக்கத்தில் வளரும் பையன், அப்பாவின் சாவு, பெட்டிக்குள் சிறகு. இந்தக் கதை நமக்குத் தெரியும், ஆனாலும் முதல் முறை பறக்கும்போது அவன் பயந்து அழுவது புதிது. சண்டைகள் எல்லாம் மழையில், இருட்டில் நடக்கின்றன. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

பாதிப் படத்தில் பின் வரிசையில் ஒருவன், "பழைய வாய்ஸ்தான்டா கெத்து. இது என்னமோ ஸ்கூல் பையன் மாதிரி பேசுது" என்றான். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. நாயகம் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து, பேசாதே என்று அவனைச் சைகையாலேயே அதட்டினார்.

மார்ச் 7, சனி

விமர்சனம் வந்துவிட்டது. கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தேன்: 'தமிழ்க் குரல் படத்தின் பெரிய குறை. அளவு தெரியாமல் தைத்த சட்டை போல உடம்பில் ஒட்டாமல் தொங்குகிறது.'

நாயகம் என் போனில் அதைப் படித்தார். சிலேட்டில் ஒரே சொல் எழுதினார்.

'பொய்.'

"என்ன பொய்? என் கருத்து அது."

அழித்துவிட்டு எழுதினார். 'பையன் நல்லா பண்ணிருக்கான். அழுற சீன்ல நீயும் கண்ணைத் துடைச்ச. நான் பார்த்தேன்.'

"அது நடிப்புக்கு."

மறுபடி அழித்தார். சாக்பீஸ் உடைந்தது. 'கருத்து இல்ல. கோவம்.'

எனக்கு என்ன கோபம்? யார் மேல் கோபம்? விமர்சகர் நடுநிலையோடு இருக்க வேண்டும் என்பதை இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. துணி துவைக்கப் போய்விட்டேன். ஏற்கெனவே துவைத்த திரைச்சீலைகளையும் கழற்றிப் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பேசவில்லை. அவர் பேசக் கூடாது. நான் பேசவில்லை.

மார்ச் 11, புதன்

முடிவு வந்தது. டாக்டர் ஒரு சொல் சொன்னார். அதைப் பிழையில்லாமல் எழுத எனக்குத் தெரியும். எழுதவில்லை.

ஆரம்ப நிலைதான், நல்ல வேளை, கதிர்வீச்சு கொடுத்தால் போதும், பெரும்பாலும் முழுக்கச் சரியாகிவிடும் என்றார். 'பெரும்பாலும்' என்பதை இரண்டு தடவை சொன்னார். நாயகம் சிலேட்டை மடியில் வைத்து எழுதினார்: 'எப்ப வேலைக்குப் போலாம்?'

டாக்டர் சிலேட்டை வாங்கிப் படித்துவிட்டு, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "பேசலாம் சார். நல்லாப் பேசலாம். ஆனா பழைய குரல் அப்படியே வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

நாயகம் கைகூப்பினார்.

திரும்பும் வழியில் முருங்கைக்காயும் ஒரு கிலோ தக்காளியும் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஏற்கெனவே கூடை நிறையத் தக்காளி இருந்தது. எல்லாவற்றையும் போட்டுத் தொக்கு வைத்தேன். காரம் அவருக்கு ஆகாது என்பது பாட்டிலில் போட்டு மூடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் 14, சனி

காலையில் கதவைத் தட்டியது ஒல்லியான, தாடி வைத்த பையன். பையன் என்று எழுதிவிட்டேன், முப்பது வயதிருக்கும். கையில் நாகூர் அல்வா.

"அண்ணி, நான் தமீம். புதுச் செம்பருந்துக்குப் பேசினவன்."

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. உள்ளே அழைத்தேன். நாயகம் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

உட்கார்ந்ததும் தமீமே ஆரம்பித்தார். "உங்க விமர்சனத்தைப் படிச்சேன் அண்ணி. சட்டை ஒட்டலைன்னு போட்டிருந்தீங்க."

நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"சரிதான் அண்ணி. அது அண்ணனோட சட்டை. அளவு பார்க்காமத்தான் மாட்டிக்கிட்டேன்." அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பள்ளியில் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை டிவியில் பழைய செம்பருந்தைப் பார்த்துவிட்டு, நாகூரில் மீன் மார்க்கெட் மதில்மேல் ஏறி, "நான் விழமாட்டேன், இறங்குவேன்" என்று குதித்துக் கை ஒடிந்த கதையைச் சொன்னார். முழங்கையில் அந்தக் கோணல் இன்னும் இருக்கிறது. நாயகம் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"அண்ணனுக்குத் தொண்டைக்கு என்ன?"

"புண்ணு. ஆறிடும்" என்றேன் நான்.

நாயகம் என்னைப் பார்த்தார். சிலேட்டை எடுத்து, நான் எழுதாமல் விட்ட அந்தச் சொல்லை, நிறுத்தி அழகாக எழுதி, தமீம் பக்கம் திருப்பினார். கீழே, 'சரியாகிடும். அல்வாவைப் பிரி.'

தமீம் அல்வாவைப் பிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, கதிர்வீச்சுக்குப் போக ஆட்டோ தேட வேண்டாம், தன்னிடம் வண்டி இருக்கிறது என்றார்.

"பரவாயில்ல, நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். நாயகம் தலையை ஆட்டி, வரச்சொல்லிக் கையால் காட்டினார்.

மார்ச் 23, திங்கள்

இன்று கதிர்வீச்சு ஆரம்பம். போன வாரமே முகத்துக்கும் கழுத்துக்கும் அச்சு எடுத்து வலைபோல ஒரு முகமூடி செய்து வைத்திருந்தார்கள். படுக்க வைத்து, அதைப் போட்டு, மேஜையோடு சேர்த்துப் பூட்டுகிறார்கள். தலை இம்மியும் அசையக் கூடாது. நான் வாசலிலிருந்து பார்த்தேன். முகமூடி போட்டதும் நாயகம் ஒரு கையை மடக்கி இடுப்பில் ஊன்றி, இன்னொரு கையைப் பறப்பதுபோல மேலே நீட்டினார். அங்கிருந்த நர்ஸம்மா, "சார், கையைக் கீழ வைங்க சார்" என்று சிரித்தார்.

கதவை மூடிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் தமீம் எனக்கு டீ வாங்கி வைத்திருந்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

மார்ச் 30, திங்கள்

பால் கஞ்சி. பார்லி தண்ணீர். குழைத்த பருப்புச் சாதம். இளநீர்.

ஏப்ரல் 5, ஞாயிறு. ஈஸ்டர்

கோயிலில் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு வேதபாடம் வாசிப்பவர் நாயகம். அந்தக் குரலைக் கேட்கவே கடைசி வரிசைக்காரர்களும் முன்னால் வந்து உட்காருவார்கள். இன்று வேறு யாரோ வாசித்தார். வேகமாக வாசித்தார், கல்லறைக் கதவு எப்போது திறந்தது என்றே தெரியவில்லை.

எழுந்து நின்று பாடும்போது நாயகத்தின் வாய் அசைந்தது. ஒலி வரவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து நலம் விசாரித்தார்கள். எல்லோருக்கும் நானே பதில் சொன்னேன். நல்லாயிருக்கார், நல்லாச் சாப்பிடறார், நல்லாத் தூங்கறார். அவர் பக்கத்தில் நின்று, கேட்பவர்களின் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 10, வெள்ளி

கழுத்துத் தோல் வெயிலில் வெந்ததுபோலக் கறுத்திருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவக் கூடாதாம். அவர்கள் கொடுத்த களிம்பு மட்டும்.

மெல்லப் பேசிப் பாருங்கள், கொஞ்சமாகப் பேசலாம் என்று டாக்டர் சொல்லி நாளாயிற்று. அவர் பேசவில்லை. சிலேட்டுதான். வலிக்கிறது போலிருக்கிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

ஹேமலதா போன் செய்தார். செம்பருந்துப் படங்கள் எல்லாவற்றுக்கும் தமிழ் வசனம் எழுதிப் பேச வைப்பவர் அவர்தான். நாயகத்தின் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

"பியூலா, ஒரு நல்ல சேதி. டிஸ்க்குக்குன்னு நீளமான பதிப்பு ஒண்ணு போடறாங்க. தியேட்டர்ல வெட்டின ஒரு சீன் அதுல வருது. பழைய செம்பருந்தா நடிச்சவரே வராரு, வயசான ஆளா, கலங்கரை விளக்கத்துல உக்காந்திருக்காரு. சின்னச் சீன். நம்ம நாயகம் பேசாம வேற யாரு பேசறது?"

நாயகம் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் கஞ்சியை முழுங்கும்போது கண்ணில் நீர் வழிந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

"முடியாது ஹேமா. தொண்டை சரியில்ல. வேற ஆளைப் பாருங்க."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"நான் சொன்னா அவர் சொன்ன மாதிரிதான்."

வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லி எதற்கு நோகடிக்க வேண்டும்?

ஏப்ரல் 20, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

காரில் வரும்போது தமீம், "அண்ணே, டிஸ்க் சீனை வேணாம்னுட்டீங்கன்னு ஹேமா மேடம் சொன்னாங்க. மனசு கேக்கல" என்றார். நாயகம் முன் இருக்கையில் இருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார்.

உள்ளே வந்ததும் சிலேட்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"உங்களால முழுங்கவே முடியல. எப்படிப் பேசுவீங்க? உங்களுக்காகத்தானே சொன்னேன். இன்னும் வைத்தியம் முடியல. உடம்பு தேறட்டும், அப்புறம்..."

"எனக்குப் பதிலா நீ பேசாத பியூலா."

யாரோ கதவுக்குப் பின்னாலிருந்து பேசியதுபோல இருந்தது. ஆற்று மணலில் பெட்டியை இழுத்த மாதிரி, பாதி காற்று, பாதி கரகரப்பு. அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. சொல்லிவிட்டுக் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வலியால் இல்லை. இத்தனை நாள் அவர் பேசாமல் இருந்தது வலியால் இல்லை. எப்படி ஒலிக்குமோ என்று பயந்துதான். எனக்கு அது ஏன் தெரியாமல்போயிற்று?

நான் அழுதேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அசிங்கமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"விமர்சனத்துல எழுதற மாதிரி பொய் சொல்லாத."

அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஹேமலதாவைக் கூப்பிட்டேன். "ஹேமா, அவருக்குத் தொண்டையில புற்றுநோய். கதிர்வீச்சு நடக்குது. சீனைப் பத்தி அவரே சொல்லுவாரு" என்று சொல்லிப் போனை அவரிடம் கொடுத்தேன். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. மே கடைசிவரை காத்திருப்பார்களாம். அதை அவராகத்தான் சொன்னார்.

மே 4, திங்கள்

கதிர்வீச்சு முடிந்தது. முகமூடியை என்ன செய்வீர்கள் என்று நர்ஸம்மாவைக் கேட்டார் நாயகம். தூக்கிப் போட்டுவிடுவார்களாம். வேண்டுமென்றால் எடுத்துப்போங்கள் என்றார்கள். வேண்டாம் என்றார்.

மே 15, வெள்ளி

இட்லியைப் பாலில் ஊறவைக்காமல் சாப்பிட்டார். தினமும் கொஞ்சம் பேசுகிறார். சாயங்காலமானால் குரல் தேய்ந்து காற்றாகிவிடுகிறது. மறுநாள் காலை மறுபடி வருகிறது. நேற்று காய்கறி வண்டிக்காரரைப் பால்கனியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. நான் கூப்பிட வாயெடுத்து, மூடிக்கொண்டேன். நாயகம் கைதட்டினார். வண்டி நின்றது.

மே 29, வெள்ளி

ஒலிப்பதிவுக் கூடம் விருகம்பாக்கத்தில். நாயகம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். ஹேமலதா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். பையனின் வரிகளைப் பேசத் தமீமும் வந்திருந்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பொறியாளருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

திரையில் பழைய நடிகர். நரைத்துவிட்டார். கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து புதுப் பையனிடம் பேசுகிறார். ஹேமலதா எழுதியிருந்த வசனம் இது:

"இந்தச் சிறகு கனக்கும் தம்பி. வீட்டுக்குப் போனா கழட்டி வச்சிடு. கழட்டலன்னா உன் வீட்டு ஆளுங்க உன்னைத் தொடவே பயப்படுவாங்க. நான் ரொம்ப நாள் கழட்டல."

முதல் முறை நாயகம் பேசியபோது ஹேமலதா எழுந்தே நின்றுவிட்டார். "நாயகம்! இந்தக் கரகரப்பு அந்த ஆளுக்குச் செஞ்சு வச்ச மாதிரி இருக்கு. மூணாவது வரி மட்டும் காத்தாப் போவுது. இன்னொண்ணு போலாமா?"

இன்னொன்று போனார்கள். அதற்குப் பிறகும். 'தொடவே பயப்படுவாங்க' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் உள்ளே விழுந்துவிடும். உதடு அசையும், சொல் வராது. தண்ணீர் குடித்தார். சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். முன்பென்றால் நான் எழுந்து போய்ப் போதும் என்று சொல்லியிருப்பேன். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அவரே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஹேமா, பார்க்கறவனுக்கு வசனம் புரியணும். இது புரியாது."

"வெட்டி ஒட்டிப் பார்க்கறோம் நாயகம்."

"ஒட்டினா ஒட்டின மாதிரிதான் இருக்கும். தமீமைப் பேசச் சொல்லுங்க."

தமீம் பதறிவிட்டார். "நான் பையனுக்குப் பேசறவன் அண்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே குரலா?"

"மதில்மேல ஏறி எந்தக் குரல்ல பேசின? அதுல பேசு."

தமீம் என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. நான் தலையசைத்தேன்.

அவர் உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு பேசினார். என் கணவரின் குரல். எனக்குக் கல்யாணமானபோது இருந்த குரல். 'தம்பி' என்பதில் அந்த அழுத்தம், வரிக்கு முன்னால் இழுக்கும் அந்தச் சின்ன மூச்சு. நாயகம் என் பக்கத்தில், உயிரோடு, வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க, அது வேறொரு கழுத்திலிருந்து வந்தது.

நாயகம் கண்ணாடியில் விரலால் தட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். முகம் நனைந்திருந்தது. நான் வெளியே வந்து, தெருமுனைக் கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். டீ ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றேன்.

ஜூன் 26, வெள்ளி

டிஸ்க் கூரியரில் வந்தது. எடிட்டருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் விமர்சனம் வேண்டும். சாப்பிட்டதும் ஜன்னலைச் சாத்தி, போட்டோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். தியேட்டரில் கரியாகத் தெரிந்த மழைச் சண்டைகள் டிஸ்க்கில் தெளிவாக இருக்கின்றன. குற்றம் படத்தின் மேல் இல்லை, அந்தத் தியேட்டரின் புரொஜெக்டர் விளக்கு மங்கல். சிறகு எப்படிச் செய்தார்கள் என்று காட்டும் துணைப்படம் ஒன்று இருக்கிறது. தையல்காரப் பெண்மணி ஒருவர் ஒவ்வொரு இறகையும் தொட்டுக் காட்டுகிறார், படத்தைவிட எனக்கு அது பிடித்தது. இயக்குநர் படம் முழுக்கப் பேசிக்கொண்டே வரும் ஒலித்தடத்துக்குத் திரையின் அடியில் தமிழ் எழுத்துகூடப் போடவில்லை. வெட்டிய காட்சிகளில் பாதி, வெட்டியதே நல்லது.

பிறகு கலங்கரை விளக்கக் காட்சி வந்தது. நாயகத்தின் பழைய குரலில் தமீம் பேசினார். நான் தயாராகத்தான் இருந்தேன். பேச்சு முடிந்து பையன் கேட்கிறான்: "வலிச்சுதா?"

கிழவர் கடலைப் பார்க்கிறார். "ம்" என்கிறார்.

நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன்.

"அது நீங்க."

நாயகம் சோபாவில் நெளிந்தார். "எது?"

"அந்த 'ம்'. தமீம் இல்ல. உங்க இப்ப உள்ள குரல்."

"அன்னிக்கு நான் பேசினதுல அதை மட்டும் ஹேமா வச்சுக்கிட்டா. அது ஒண்ணுதான் சரியா வந்துச்சாம்" என்றார். "யாருக்கும் தெரியாதுன்னா."

திருப்பி ஓடவிட்டேன். மறுபடி. அந்த அழகான பழைய குரலைத் தாண்டி, அந்த 'ம்' வரும் இடத்துக்கு. நான்காவது முறை, "போதும்டீ, டிஸ்க் தேஞ்சிடும்" என்றார்.

என் விமர்சனத்தில் இன்று எழுதிய பத்தி: 'தமிழில் பேசிய தமீமைப் பற்றி மார்ச் மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியது தவறு. சட்டை அவருக்குப் பொருந்துகிறது. பறக்கப் பயந்து அழும் காட்சியை இன்னொரு முறை கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை.'

ஜூன் 27, சனி

சாயங்காலம். நட்சத்திரம் எத்தனை போடுவது என்று சண்டை.

"மூணு" என்றேன்.

"இந்தப் படத்துக்கு மூணா? ரெண்டரையே ஜாஸ்தி. வில்லன் எதுக்கு அந்த ஊரை அழிக்கணும்? அவன் வீடும் அங்கதான இருக்கு?" நாயகத்தின் குரல் இன்று பலமாக இருந்தது. கரகரத்துக்கொண்டே ஏறியது.

"தமீமுக்காகவாவது மூணு போடணும்."

"தமீமுக்குத் தனியா அஞ்சு போடு. படத்துக்கு ரெண்டரை. நீயெல்லாம் நடுநிலைன்னு வெளிய சொல்லிக்காத!"

அழைப்பு மணி அடித்தது. மாடி வீட்டுக் கோமதி அக்கா, கையில் மூடிய கிண்ணம். மகளின் பிரசவத்துக்காகப் பிப்ரவரியில் பூனாவுக்குப் போனவர் நேற்றுதான் திரும்பியிருக்கிறார். கதவு பாதி திறந்ததுமே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"என்ன பியூலா, வீட்ல யாரு? முரட்டு ஆம்பளைக் குரலா கேக்குது. உன்னைப் போட்டுத் திட்டறாரு. சார் இல்லையா?"

"சார்தான்க்கா திட்டறாரு."

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நாயகம் கையில் டிஸ்க் உறையோடு, மூச்சு வாங்க, அடுத்த வாதத்துக்குத் தயாராக நின்றிருந்தார். கழுத்தில் கறுப்பு இன்னும் முழுதாக மறையவில்லை.

"ஐயோ, குரல் என்னாச்சு?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

"உள்ள வாங்கக்கா, சொல்றேன். பெரிய கதை" என்றார் நாயகம். நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டு இடம் பண்ணினார். அக்கா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். நாயகம் எதிரே உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். நடுவில் குரல் தேய்ந்தது. நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், விட்ட இடத்திலிருந்து சொன்னார். கோமதி அக்கா முன்னால் சாய்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் இரண்டரை என்று போட்டு அனுப்பிவிட்டேன்.